கரை சேராமல் திரும்பிய காலை

எங்கள் கேப்டன் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். காரைக்கால்காரர். கப்பலின் மேல்தளத்தில் நிற்கும்போது என்னை "சீஃப்" என்பார். சாப்பாட்டு மேசையில் "அண்ணே" என்பார். அன்று சாப்பாட்டு மேசையிலேயே "சீஃப்" என்று ஆரம்பித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றில் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப எழுதிக் குடுத்தா பொய் எழுதுன மாதிரி ஆயிரும் சீஃப்," என்றார். "கடல்ல கப்பல நல்லா கொண்டு போறீங்க. கரைக்குக் கொண்டாரும்போதுதான் எனக்கு வயித்தக் கலக்குது."

விஷயம் ஒரு கடிதம்தான். கடலோரப் பயணம் போகும் கப்பல்களுக்கு மாஸ்டராக, அதாவது கேப்டனாக, இருக்கலாம் என்ற சான்றிதழை, தேர்வெழுதி, மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து வியர்த்து, முன்பே வாங்கியிருந்தேன். சான்றிதழ் இருக்கிறது என்பதற்காகக் கப்பலைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். கேப்டன் நான்கு மாதத்தில் பெரிய கப்பலுக்குப் போகிறார். அடுத்து யார் என்று கம்பெனி அவரிடம் கேட்டிருந்தது. இந்த ஆள் கப்பலைப் பத்திரமாகக் கரையில் கட்டுவார் என்று அவர் எழுதினால் கப்பல் எனக்கு. எழுதாவிட்டால் இன்னொரு இளைஞர் வருவார், நான் முழங்கால் தேயும்வரை சீஃப் ஆபீசராகவே இருப்பேன். நாற்பத்தாறு வயதில் இன்னொரு தடவை இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கப் போவதில்லை. இருபது வருடக் கடல் ஒரு தாளின் மேல் வந்து நின்றுகொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவினேன். வேறு என்ன செய்ய?

நான் விருத்தாசலத்துக்காரன். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மணிமுத்தாற்றில் வருடத்தில் பாதி நாள் மணல்தான் கிடக்கும். இருபது வயதிலிருந்து ஆறு வருடம் செராமிக் தொழிற்சாலையில் சூளை வண்டி தள்ளினேன். அந்த வெக்கையிலிருந்து ஓடிப்போகக் கிடைத்த முதல் கதவு கப்பலில் கயிறு இழுக்கும் வேலை. குளிர்ந்த காற்றுக்காகப் போனவன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதுதான் உண்மை. பிறகு தேர்வு, காத்திருப்பு, மறுபடி தேர்வு. கடலில் இருக்கும்போது ஊரையும் ஊரில் இருக்கும்போது கடலையும் பார்த்துக்கொண்டு, எங்கேயும் முழுதாக உட்காராமல் தலை நரைத்துவிட்டது.

எங்கள் கப்பல் அறுபத்தெட்டு மீட்டர். பெரிய கப்பல்காரர்கள் அதைப் படகு என்பார்கள். படகுக்காரர்கள் கப்பல் என்பார்கள். சிமெண்டு, அரிசி, இரும்புக் கம்பி, யார் என்ன ஏற்றினாலும் கரையோரமாகவே சுமந்துபோய் இறக்கும். பின்னால் தண்ணீரைத் தள்ள ஒரே ஒரு விசிறி. பக்கவாட்டில் நகர்த்தும் வசதி எதுவும் கிடையாது. துறைமுகத்தில் வழிகாட்ட பைலட் ஏறாத சின்னத் துறைகளுக்குத்தான் பெரும்பாலும் போவோம். ஆகவே கரையில் கொண்டுவந்து கட்டுவது முழுக்க எங்கள் கை, எங்கள் கண்.

கப்பலுக்குப் பிரேக் இல்லை என்பதைப் புத்தகத்தில் எப்போதோ படித்துவிட்டேன். உடம்பு அதைப் படிக்க மாதங்கள் ஆயின. பாரம் ஏற்றிய கப்பல், நில் என்று சொன்னதைக் கேட்டுக்கொள்ளும், கேட்டுக்கொண்டு அரை மைல் யோசிக்கும், பிறகு நிற்கும். பாரம் இறக்கிவிட்டால் அதுவே காற்றின் பேச்சை மட்டும் கேட்கும். சுக்கானைத் திருப்பினால் மூக்கு திரும்புவதுபோல் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் மூக்கு ஒரு அடி போவதற்குள் இந்தப் பக்கம் வால் மூன்று அடி வீசிவிட்டிருக்கும். பார்க்கும் இடம் முன்னால், அடிபடும் இடம் பின்னால். எஞ்சினைப் பின்னோக்கிக் கொடுத்தால் எங்கள் கப்பலின் வால் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். அதைத் தெரிந்துகொண்டு, இடது தோளைக் கரைக்குக் காட்டி, சாய்வாக மெல்ல நெருங்கி, கடைசியில் ஒரே ஒரு முறை பின்னோக்கிக் கொடுத்தால், கப்பல் தானாகவே பின்பக்கத்தைக் கரையோடு கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்ளும். சரியாக அமைந்த நாளில், தூங்கும் பிள்ளை புரண்டு சுவரோடு ஒட்டிப் படுப்பது மாதிரி இருக்கும். அமையாத நாட்கள்தான் அதிகம்.

கேப்டன் பாடம் நடத்துகிற ஆள் இல்லை. கப்பல் செலுத்தும் அறைக்கு வெளியே உள்ள பக்கவாட்டு மேடையில் ஒரு பொரிப் பொட்டலம் வைத்திருப்பார். துறையை நெருங்கும்போது ஒரு பிடி பொரியை அள்ளித் தண்ணீரில் வீசுவார். பொரி எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதிலிருந்து நீரோட்டத்தைப் பார்த்துக்கொள்வார். கருவிகள் இருக்கின்றன, இருந்தாலும் பொரி. சுக்கான் பிடிப்பவர் பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவக் குடும்பம். ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்த மாதிரி, மீனுக்கு ஆயுத பூசையா சார் என்று கேட்பார். எனக்கு அவர் வைத்திருந்த பெயர் களிமண்ணு. என் முகத்துக்கு நேராகவே "களிமண்ணு அண்ணே" என்று கூப்பிடுவார். செராமிக்கிலிருந்து வந்தவன் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டதன் பலன்.

இன்னொன்றும் கேப்டன் செய்வார். ஒவ்வொரு துறைக்கான வரைபடத்திலும் உள்ளே போகும் வழியில் ஓரிடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவார். அதுவரை போய்விட்டுத் திரும்ப இடம் உண்டு. அதைத் தாண்டினால் இல்லை. நான் அந்தக் குறியைப் பார்ப்பேன், தலையாட்டுவேன், மறந்துவிடுவேன். என் கண் எப்போதும் கரையில்தான் இருந்தது.

கையெழுத்து இல்லை என்று அவர் சொன்னதற்கு ஒரு வாரம் முன்பு, ஓர் ஆற்று முகத்துத் துறையில் அது நடந்தது. கடல் ஏறும் நேரம். நீர் கடலிலிருந்து ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது, எங்கள் முதுகைத் தள்ளிக்கொண்டு. கப்பலை நான்தான் செலுத்தினேன். கேப்டன் பின்னால் நின்றார். பொரியை வீசினார். பொரி எங்களுக்கு முன்னால் ஓடியது. வழியைக் குறிக்கும் சிவப்பு மிதவை பக்கத்தில் வந்தது. அதன் கழுத்தைச் சுற்றி நீர் நுரைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் பென்சில் குறி. அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சரியாக வராது என்று. இருந்தும் போனேன்.

கரை நெருங்க நெருங்க வேகம் குறையவே இல்லை. கடைசியில் பின்னோக்கி முழு வேகம் கொடுத்தேன். வால் இடப்பக்கம் வீசியது. கரையின் மூலையில் இருந்த ரப்பர் தாங்கியைப் பெயர்த்துக்கொண்டு எங்கள் பின்தளத்து இரும்புக் கைப்பிடி கம்பளிப்பூச்சி மாதிரி சுருண்டது. கயிறு வாங்கக் கரையில் நின்ற மனிதர் ஓடினார். ஓடியவர் கட்டுக்கம்பத்தில் தடுக்கி விழுந்தார். முட்டி பெயர்ந்து ரத்தம். என் வயதிருக்கும் அவருக்கு. எழுந்து நின்று மேலே என்னைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நொண்டி வந்து, கயிற்றை வாங்கிக் கட்டினார்.

கேப்டன் ஒன்றுதான் கேட்டார். "எப்ப தப்புன்னு தெரிஞ்சிது சீஃப்?"

"கடைசி நிமிஷத்துல சார்," என்றேன்.

காலில் கட்டுப் போட்டிருந்தவரைப் பார்க்கக் கேப்டனே இறங்கிப் போனார். சுக்கான்காரர் என்னிடம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்றைக்கு மட்டும் களிமண்ணு என்று சொல்லாமல் போனார். அது கேலியைவிட மோசமாக இருந்தது.

பிறகு ஐந்து வார விடுப்பு. அது முடிந்து திரும்பினால் கேப்டனோடு இன்னும் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் நடந்தால் உண்டு.

விருத்தாசலத்தில் இறங்கியபோது நல்ல வெயில். எங்கள் தெருவில் பள்ளங்களை உடைந்த பீங்கானைப் போட்டுத்தான் நிரப்புவார்கள். ஃபியூஸ் கட்டையின் பாதி, பொம்மையின் கை, மூக்கில்லாத பிள்ளையார். வெயிலில் அத்தனையும் கண்ணைக் குத்தும். பெட்டியை அதன்மேல் உருட்டிக்கொண்டு போனால் பல் கூசும். என் மனைவி ஒரு பொம்மை யூனிட்டில் வேலை பார்க்கிறாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, மழமழப்பாக்குவது அவள் வேலை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் முகங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் முகத்தைப் பார்க்கக் கண்ணில் தெம்பு இருக்காது. நானும் அப்படித்தான். விடியற்காலை நான்கு மணிக்கு, காவல் மாற யாரோ கதவைத் தட்டிய மாதிரி விழிப்பு வரும். அசையாத தரையில் கணுக்கால் அசைவைத் தேடும். கட்டிலின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேர், ஆளுக்கொரு அசதியோடு.

கடிதம் வரவில்லை என்று சொன்னேன். சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாமே என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

விடுப்பில் சும்மா இருக்க முடியவில்லை. அவள் யூனிட்டில் அச்சு ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது அங்கே போய், ஒரு மரப்பலகைத் துண்டில் ஆணி அடித்து நூல் கட்டி, தொட்டியின் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன். பலகைக்கு எடை இல்லை, ஓட்டமும் இல்லை, எதுவும் கற்றுக்கொள்ள முடியாது என்று தெரியும். இருந்தும் மூன்று நாள் செய்தேன். மூன்றாம் நாள் மனைவியின் கூட்டாளிப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் தொட்டியில் கப்பல் விடுகிறார் என்று ஊசிமிளகாய் மாதிரி ஒருத்தி ஆரம்பிக்க, இன்னொருத்தி, "ஏங்க்கா, ஒங்க வூட்டுக்காரரு அக்கரைக்குப் போவ டிக்கெட்டு எவ்ளோன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். மனைவியும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்தது என் பலகையால்தான். அதனால் கோபப்படவில்லை.

அடுத்த வாரம் பொம்மைகளைச் சூளையில் கொடுக்கும் நாள். சின்ன யூனிட்டுகளுக்குச் சொந்தச் சூளை கிடையாது; எல்லோரும் ஒரே பெரிய சூளைக்குக் கொண்டுபோவார்கள். நீளமாக, ரயில் போகும் குகை மாதிரி இருக்கும். நாங்கள் டனல் என்போம். நான் ஆறு வருடம் தள்ளியது அதைப் போன்ற ஒன்றில்தான். தட்டுகளைத் தூக்கி வைக்க ஆள் குறைவு என்று மனைவி என்னைக் கூட்டிப்போனாள்.

டனலுக்குள் தண்டவாளம். அதன்மேல் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். இந்த முனையில் பச்சைச் சரக்கு ஏற்றிய வண்டி ஒன்றைத் தள்ளினால், உள்ளே இருக்கும் எல்லா வண்டியும் ஒரு வண்டி நீளம் நகரும். அந்த முனையில் வெந்த சரக்கோடு ஒன்று வெளியே வரும். இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. மூக்கு உள்ளே நுழைந்த வண்டியைப் பின்னால் இழுக்கக் கூடாது. இழுத்தால் வரிசை கெடும், குளிர்ந்த காற்று ஏறும், அடுத்தடுத்த வண்டிகளின் சரக்கெல்லாம் வெடித்துப்போகும். ஆகவே உள்ளே போகும்போது அடுக்கு சாய்வது கண்ணுக்குத் தெரிந்தாலும் தள்ளித்தான் ஆக வேண்டும். கெடுவது ஒரு வண்டியோடு கெடட்டும் என்று தள்ள வேண்டும். புதிதாக வந்தவன் கை தன்னால் பின்னே இழுக்கும். அந்தக் கையை அடக்கப் பழகியவன்தான் வண்டிக்காரன். எனக்கு அந்தக் கை அடங்க ஆறு மாதம் ஆனது.

அன்றைக்கும் அப்படி நடந்தது. எங்கள் வண்டிக்கு முந்தின வண்டியில் மேல்தட்டு ஒன்று பிசகி, பொம்மை வரிசை சாய்ந்தது. வண்டியின் மூக்கு உள்ளே போயிருந்தது. தள்ளியவர் அதைப் பார்த்தார். "போனது போனதுதான், வுடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தோளைக் கொடுத்தார். உள்ளே கலகலவென்று சரிந்த சத்தம். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவியிடம் சிவப்பு மிதவையைப் பற்றிச் சொன்னேன். அங்கேயே தெரிந்தது என்று, கேப்டனிடம் பொய் சொன்னேன் என்று. யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"தெரிஞ்சும் போறது ஒங்களுக்குப் புதுசா?" என்றாள். "சேத்தியாத்தோப்புல என் தங்கச்சிக்கு நிச்சயம். நீங்க லீவுல வந்திருந்தீங்க. ரெண்டு பேரும் தப்பு பஸ்ஸுல ஏறிட்டோம். அது ஸ்ரீமுஷ்ணம் போற பஸ்ஸுன்னு ஊரு தாண்டறதுக்குள்ளயே ஒங்களுக்குத் தெரிஞ்சிபோச்சு. நான் எறங்கலாம்னு சொன்னேன். ஏறியாச்சு, போவலாம், அங்கேருந்து மாறிக்கலாம்னீங்க. நாம போய்ச் சேர்றதுக்குள்ள தட்டு மாத்தி எல அள்ளிட்டாங்க. ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இருந்தது. கையில் வெற்றிலைப் பாக்குப் பையோடு மாமனார் எங்களைப் பார்த்த பார்வையும் ஞாபகம் இருந்தது.

"நீங்க மட்டும் போற பஸ்ஸுன்னா பரவால்ல," என்றாள். "ஒங்ககூடயும் ஒரு ஆளு ஒக்காந்திருக்குதுன்னு நெனைக்கணும்ல."

கயிறு வாங்கக் காத்திருந்து விழுந்தவர், மடித்துக் கட்டிய வேட்டியில் ரத்தம் ஊறியபடி, எங்களோடு தெரு முனைவரை நடந்து வந்தார்.

விடுப்பு முடிந்து போகும்போது எப்போதும்போல் "போயிட்டு வரேன்" என்றேன். எப்போதும்போல் அவள் கையில் ஈரப் பஞ்சு இருந்தது.

முதல் மாதம் முழுவதும் அமைதியான துறைகள். ஐந்து தடவை கட்டினேன். ஐந்தும் நன்றாகவே அமைந்தன. கேப்டன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. பொரி வீசினார், சுக்கான்காரர் கேலி செய்தார், நாட்கள் போயின. எனக்கு ஒரு விஷயம் மட்டும் மாறியிருந்தது. வரைபடத்தில் அந்தப் பென்சில் குறியை இப்போது நானே போட்டுக்கொண்டேன். போட்டுவிட்டு, அதுவரை கரையைப் பார்க்காமல் இருக்கப் பழகினேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கண் அங்கேதான் போகும்.

இரண்டாம் மாதக் கடைசியில் மறுபடி அந்த ஆற்று முகம். கேப்டனின் கடைசிப் பயணத்துக்கு முந்தியது இது. கடந்த இரண்டு நாளும் காற்றில் ஆடி ஆடி யாரும் சரியாகத் தூங்கவில்லை. கீழே சமையற்காரர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் கரை வேண்டும், எனக்கும் வேண்டும். விடிந்துகொண்டிருந்தது. கடல் ஏற ஆரம்பித்துவிட்டது, நாங்கள் கணக்கிட்டதற்கு முன்பே. காற்றும் கடலிலிருந்து. இரண்டும் சேர்ந்து முதுகில் கை வைத்துத் தள்ளின. கரையில் இறக்குகிறவர்களும் லாரிகளும் காத்திருப்பதாக ஏஜென்ட் ரேடியோவில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

வேகத்தைக் குறைத்தேன். குறைத்தால் கப்பல் சுக்கானுக்குக் கட்டுப்பட மறுத்தது. மூக்கு ஆடியது. கூட்டினால் கட்டுப்பட்டது, ஆனால் கரை ஓடி வந்தது. பக்கவாட்டு மேடைக்குப் போய் ஒரு பிடி பொரியை நானே வீசினேன். அத்தனையும் கப்பலை முந்திக்கொண்டு போயிற்று. சிவப்பு மிதவைக்கு இன்னும் கொஞ்ச தூரம்.

எனக்குள் ஒரு குரல், போனது போனதுதான் என்றது. இன்னும் இருநூறு மீட்டர், பிறகு தூங்கலாம் என்றது. அது என் குரல்தான். இருபத்தைந்து வருடமாக என் தோளில் உட்கார்ந்திருக்கும் குரல். திரும்பிக் கேப்டனைப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. சொல்ல மாட்டார்.

"வலது முழுக்க," என்றேன்.

சுக்கான்காரர் சக்கரத்தைத் திருப்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வலதுங்களா?"

"வலது முழுக்க. திரும்பிப் போறோம்."

எஞ்சினை ஒரே தள்ளாக முன்னோக்கி முழு வேகத்தில் கொடுத்தேன். கப்பல் நடுங்கியது. மூக்கு மெல்ல, மெல்ல, கரையை விட்டுவிட்டு மிதவையையும் விட்டுவிட்டு, வெளியே திறந்த கடலைப் பார்க்கத் திரும்பியது. அலை பக்கவாட்டில் அடித்ததும் பெரிதாகச் சாய்ந்தோம். கீழே சமையலறையில் பாத்திரங்கள் விழுந்தன. யாரோ என் தாயாரைப் பற்றிக் கேட்டார். ரேடியோவில் ஏஜென்ட், எங்கே போகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டியைப் பின்னால் இழுத்துவிட்டோமே, உள்ளே என்னென்ன வெடிக்கப்போகிறதோ என்று உடம்பு பழைய பயத்தில் காத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. அலை முன்னால் வந்ததும் கப்பல் நிமிர்ந்துகொண்டது.

"ஆக, டிபன் கரையில இல்ல," என்றார் சுக்கான்காரர். "களிமண்ணு அண்ணே, மெனக்கெட்டு வந்து ஊரப் பாத்துட்டுத் திரும்புற மொத ஆளு நீங்கதான்."

வெளியே நங்கூரம் போட்டோம். ஓட்டம் தணிய மதியம் ஆகும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். கேப்டன் சரி என்றார். ரேடியோவில் ஏஜென்டிடம் என்னையே பேசச் சொன்னார். பேசினேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்ததை எழுத முடியாது. திரும்பியபோது கேப்டன் வரைபட மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்காமலே தெரிந்தது.

கரையில் கட்டிய பிறகு எழுதக் கூடாதா என்று கேட்டேன். இன்னும் கட்டவே இல்லையே.

"நீங்க கட்டுறத எத்தன தடவ பாக்குறது சீஃப்," என்றார், தலை நிமிராமல். "கட்டாம வர்றதத்தான் பாக்கணும்னு இருந்தேன்."

பிறகு சொன்னேன்: "அன்னைக்கி செவப்பு மெதவையிலயே தெரிஞ்சிருச்சி சார். பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். ஒங்க கை எஞ்சின் பிடிகிட்ட போயிட்டு, திரும்பி வந்திருச்சு. பாத்துட்டுதான் இருந்தேன்."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. பார்த்துக்கொண்டு இருந்தவர் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். சுக்கான்காரர் காப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

கேப்டன் பேனாவை மூடினார். "நிறுத்தியிருக்கணும். இப்ப நிறுத்திருவாரு, இப்ப நிறுத்திருவாருன்னு நெனச்சே நேரம் போயிருச்சு. அது என் தப்பு. அந்த மனுசன் காலுக்கு நானுந்தான் பொறுப்பு. ரிப்போர்ட்லயும் அப்புடித்தான் எழுதிருக்கேன், நீங்க பாக்கலயா?"

பார்க்கவில்லை. எனக்கு எதிராக ஏதோ எழுதியிருப்பார் என்று நினைத்து அதை நான் திறக்கவே இல்லை.

முப்பத்திரண்டு வயதில் அவர் கண்ணுக்குக் கீழே அத்தனை கறுப்பு எப்படி வந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு துறையிலும் முகத்தில் எதையும் காட்டாமல் நிற்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. பின்னால் நிற்பவருக்கு வேலை இல்லை என்றுதான் எண்ணியிருந்தேன்.

மதியம் ஓட்டம் தணிந்தது. உள்ளே போனோம். கட்டினோம். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, சாதாரணமாக நடந்தது. கரையில் காத்திருந்த சுமைக்காரர்களில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். இருந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை எதுவும் இல்லை. அரை நாள் கூலி போன முகங்கள். பத்திரமாக வந்து சேர்ந்ததற்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. நடக்காத விபத்து யார் கண்ணுக்கும் தெரியாது.

மனைவியைக் கூப்பிட்டேன். யூனிட்டில் இருந்தாள், மின்விசிறிச் சத்தம் கேட்டது. கடிதம் கிடைத்துவிட்டது என்றேன். காலையில் திரும்பி வந்ததையும் சொன்னேன். முழுதாகக் கேட்டாள்.

"அப்ப இனிமே லீவு கொறையும்," என்றாள்.

"கொறையும்."

"சரி. தூங்குனீங்களா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல தூங்குங்க," என்றாள். அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று குரலிலிருந்து பிரிக்க முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லை.

படுக்கப் போகுமுன் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்தத் துறையில் ஏழு மணி நேரத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அதைக் கேப்டன் என் பக்கம் திருப்பி அனுப்பியிருந்தார், மேலே ஒரு வரி போட்டு: இனி இது உங்கள் வேலை. உட்கார்ந்து எழுதினேன். ஓட்டம், காற்று, வேகம் என்று நீளமாக எழுதி அழித்தேன். மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதி அதையும் அழித்தேன். கடைசியில், உள்ளே போவது பத்திரமில்லை என்று தெரிந்ததால் திரும்பினேன் என்று ஒரே வாக்கியம். படித்துப் பார்த்தேன். கீழே என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றாமலேயே படுத்தேன்.